மரை பொருந்தினால் போதாது: பழைய காரின் திரவக் குழாய்களைப் புதுப்பித்த பதிவு

வேலைக்கு வந்தது ஜப்பானியத் தயாரிப்பான ஒரு பழைய கார். பின்சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக் கியர். ஜாக் ஸ்டாண்டுகளில் ஏற்றி அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது ஈரம் பல இடங்களில் தெரிந்தது. எஞ்சின் ஆயில் பிரஷர் சென்சர் உட்கார்ந்திருந்த டி-இணைப்பில் கசிவு. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் முனையில் கசிவு. பவர் ஸ்டீயரிங் பம்பின் பேஞ்சோ போல்ட்டை (குழாயின் வளைய முனையைப் பிடிக்கும், உள்துளை உள்ள போல்ட்) சுற்றித் தூசி படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாவற்றையும் விடக் கவலை தந்தது பின் பிரேக்குக்குப் போகும் இரும்புக் குழாய். நீளவாக்கில் துரு ஏறியிருந்தது, ஹோஸுடன் சேரும் நட்டின் அடியில் பிரேக் ஆயில் மினுமினுத்தது. எரிபொருள் ஹோஸ் இன்னும் கசியவில்லை, ஆனால் வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் வெடிப்புகள் விரிந்தன.

குழாய்களை மாற்றுவது கடினமான வேலை அல்ல. சரியான ஃபிட்டிங்கை (குழாயை இணைக்கும் முனைப்பாகம்) கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இந்தக் காரில் முன்பு கைவைத்தவர்கள் கிடைத்ததை எல்லாம் மாட்டியிருந்தார்கள்: மெட்ரிக் துளையில் அங்குல நட், ஒரு வகைக் கூம்பின் மேல் இன்னொரு வகைக் கூம்பு, மிச்சத்தைச் சரிக்கட்ட வெள்ளை டேப். கசிந்த இடங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. ஆகவே ஒரு பொருளையும் வாங்குவதற்கு முன் எல்லா இணைப்புகளையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அந்தத் தாளில் ஒவ்வோர் இணைப்புக்கும் நான்கு கட்டங்கள் போட்டேன்: மரையின் விட்டம், மரையின் இடைவெளி (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம்), அடைப்பு எந்த இடத்தில் நடக்கிறது, உள்ளே ஓடும் திரவம் எது. முதல் இரண்டை எல்லோரும் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் ஆளைக் கவிழ்ப்பது மூன்றாவது கட்டம். வாகனங்களின் திரவ இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. திரவத்தைத் தடுப்பது வேறொன்று: ஒன்றோடொன்று அழுந்தும் இரு கூம்புகள், நசுங்கும் செம்பு வாஷர், அல்லது பள்ளத்தில் உட்காரும் ஓ-ரிங். நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் கூம்பு மரை ஒன்றில்தான் மரையே அடைப்பு வேலையையும் செய்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் "மரை ஏறிவிட்டது, சரியாகத்தான் இருக்கும்" என்று நினைத்தால் கசிவு நிச்சயம். பிரேக்காக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

அளவுகளின் பெயர்கள்

ஹோஸை உள்விட்டத்தால் அழைக்கிறோம். பிரேக் குழாய், எரிபொருள் குழாய் போன்ற உலோக ட்யூபை வெளிவிட்டத்தால் அழைக்கிறோம். பைப் மரைகளுக்கோ பெயரில் உள்ள எண் எந்த இடத்திலும் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. கால் அங்குல ட்யூபின் வெளிவிட்டம் 6.35 மி.மீ. தான். ஆனால் கால் அங்குல என்பிடி மரையின் (அமெரிக்கக் கூம்புப் பைப் மரை) வெளிவிட்டம் ஏறத்தாழ 13.7 மி.மீ. அரைக்கால் (1/8) அங்குலப் பைப் மரை என்றால் சுமார் 10 மி.மீ. வெர்னியரில் 10 என்று பார்த்தவுடன் எம்10 (10 மி.மீ. மெட்ரிக் மரை) என்று எழுதிவிட்டால் அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது.

ஏஎன் என்ற அமெரிக்க ஃபிட்டிங் வகையில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண், ட்யூபின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காகச் சொல்கிறது. ஏஎன்-6 என்றால் ஆறு பதினாறாம் பங்கு, அதாவது 3/8 அங்குல ட்யூப். அதன் மரை 9/16-18, அதாவது விட்டம் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. ஏஎன்-4 என்றால் கால் அங்குல ட்யூப், மரை 7/16-20. ஏஎன்-8 என்றால் அரை அங்குலம், மரை 3/4-16. அமெரிக்க ராணுவ, கடற்படை விமானங்களுக்காக வகுத்த இந்த வரிசைதான் பின்னர் பந்தயக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

அளந்த விதம்

கருவிகள் அதிகம் தேவைப்படவில்லை. வெர்னியர் காலிப்பர், மெட்ரிக்குக்கும் அங்குலத்துக்கும் தனித்தனியாக மரை அளவுத் தகடுகள், டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு சிறிய மூலைமட்டம். அளப்பதற்கு முன் மரையைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எண்ணெயும் துருவும் போகத் துடைத்தேன். பள்ளத்தில் பழைய டேப் ஒட்டியிருந்தால் தகடு சரியாக உட்காராது, நம்மை ஏமாற்றும்.

வெளிமரையை அளந்தால் எப்போதும் பெயரளவை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். எம்10 நட்டில் (பிரேக் குழாய் நட்டுக்கு மரை வெளிப்பக்கம் இருக்கும்) 9.8 முதல் 9.97 வரை வரலாம். 3/8 அங்குல நட் 9.525 என்று பெயர் பெற்றாலும் கையில் 9.4 சொச்சம் காட்டும். அரைக்கால் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை) 9.73. இம்மூன்றும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. தேய்ந்துபோன பழைய நட்டில் விட்டத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முயல்வது வீண். இடைவெளிதான் தீர்ப்புச் சொல்லும். எம்10×1.0 என்பதில் இடைவெளி சரியாக 1 மி.மீ. 3/8-24 இல் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது 1.058 மி.மீ. அரைக்கால் பிஎஸ்பி அங்குலத்துக்கு 28, அதாவது 0.907 மி.மீ.

இரண்டு மூன்று மரைகளின் மேல் தகட்டை வைத்தால் எல்லாமே பொருந்துவதுபோலத் தோன்றும். முடிந்த அளவு நீளமாக வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்து ஒளி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டின் நடுப்பல் உட்கார்ந்து ஓரப்பற்கள் முகட்டில் ஏறி நின்றால் அது பொருத்தம் இல்லை. தகடு கையில் இல்லாதவர்கள் மரையைத் தாளில் அழுத்தி உருட்டி, விழுந்த கோடுகளில் பத்து இடைவெளிகளை அளந்து பத்தால் வகுக்கலாம்.

உள்மரைக்கு வெர்னியரின் மேல்தாடையால் துளையை அளந்து அதனுடன் இடைவெளியைக் கூட்டினேன். எம்10×1.0 துளை 8.9 சொச்சம் காட்டும், ஒன்றைக் கூட்டினால் ஏறத்தாழ 10. எம்14×1.5 துளை 12.4 அளவில் காட்டும், ஒன்றரையைக் கூட்டினால் 14-க்கு அருகில் வரும். துல்லியமான கணக்கு இல்லைதான், ஆனால் எம்14-ஐயும் 9/16-ஐயும் குழப்பாமல் இருக்கப் போதும். இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு புதிய நட்டையோ போல்ட்டையோ விரலால் ஏற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. விரலால் மட்டும். ஸ்பேனரைத் தொட்டால் அது சோதனை இல்லை, சேதம்.

ஆயில் பிரஷர் சென்சர்

எஞ்சின் பிளாக்கில் உள்ள துளை அரைக்கால் பிஎஸ்பி கூம்பு மரை. ஜப்பானியக் கார்களில் இந்த இடத்தில் இது பரவலாகக் காணப்படுவது. அதில் ஏற்றியிருந்த டி-இணைப்போ அரைக்கால் என்பிடி. முன்னதில் அங்குலத்துக்கு 28 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. பின்னதில் 27 மரை, கோணம் 60 டிகிரி. இரண்டுமே பதினாறுக்கு ஒன்று என்ற சரிவில் கூம்புவதால், கையால் திருகினால் இரண்டும் ஏறுகின்றன. சில சுற்றுகளுக்குப் பிறகு இறுகுவதும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் பத்து மரைக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் விலகுவதால் ஒன்றிரண்டு மரைகள் மட்டுமே உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும். கோணமும் வேறாக இருப்பதால் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுருள் சுருளாக ஒரு சந்து கிடைக்கிறது, எண்ணெய் அந்த வழியே நடந்து வருகிறது. அந்தச் சந்தைத்தான் டேப்பால் நிரப்பியிருந்தார்கள்.

55 டிகிரி 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் முன்மொழிந்த மரையின் வழி வந்தது. 60 டிகிரி 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்தது. இந்த இரு மரபுகளும் இன்றும் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் கிடக்கின்றன, "அரைக்கால்" என்ற ஒரே பெயரில்.

தீர்வு எளிது. பிளாக் பக்கம் பிஎஸ்பி கூம்பு வெளிமரை, டி-இணைப்பின் பக்கம் என்பிடி உள்மரை உள்ள ஒரு பித்தளை அடாப்டர். கூம்பு மரைக்கு மட்டும் திரவ சீலன்ட் தடவினேன், முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து. டேப்பை நான் ஆயில் வழியில் பயன்படுத்துவதில்லை. அதிலிருந்து பிரியும் இழை எண்ணெய்த் துளையில் போய் அடைத்தால் எஞ்சினுக்கே கேடு. கூம்பு மரையை இறுக்கும்போது "இன்னும் அரைச் சுற்று போகும்" என்ற ஆசையையும் அடக்க வேண்டும். ஆப்பு அடிப்பதுபோல அது துளையை விரிக்கிறது. அலுமினிய உறையாக இருந்தால் பிளந்துவிடும்.

பிரேக் குழாய்

இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடுமையாக மிதிக்கும்போது பிரேக் குழாயின் உள்ளே அழுத்தம் 100 பார் அளவைத் தொடலாம். மற்ற இடங்களில் கசிந்தால் தரை அழுக்காகும். இங்கே கசிந்தால் வண்டி நிற்காது.

பின்பக்க ஹோஸின் உள்மரை எம்10×1.0. அதில் ஏறியிருந்த நட் 3/8-24. அது ஏன் ஏறியது என்பது கணக்கிலேயே தெரிகிறது. நட்டின் வெளிவிட்டம் 9.5-க்குள், ஹோஸின் உள்துளை 8.9. பக்கத்துக்கு 0.3 மி.மீ. மட்டும் பிடி கிடைக்கிறது, முறையான மரையில் கிடைப்பதில் பாதியளவுதான் இது. நட்டை முதலில் நுழைத்தபோது ஆடியிருக்கும். இடைவெளி மாறுபடுவதால் பிறகு இறுகியிருக்கும், இறுக்கிய கைக்கு "பிடித்துவிட்டது" என்ற உணர்வும் வந்திருக்கும். கழற்றிப் பார்த்தபோது ஹோஸின் மரை முகடுகள் வழித்தெடுத்ததுபோல மழுங்கியிருந்தன. அந்த ஹோஸை உடனே ஒதுக்கிவிட்டேன். பிரேக்கில் பாதி மரை உள்ள எதையும் சீர்செய்து பயன்படுத்தக் கூடாது.

அடுத்து முனையின் வடிவம். பிரேக் குழாய்களில் இரண்டு வடிவங்கள் பரவலாக உள்ளன. ஒன்று இரட்டை ஃப்ளேர்: குழாயின் விளிம்பை உள்ளே மடித்து, புனல் வாய்போல விரித்திருப்பார்கள். மற்றது பபிள் ஃப்ளேர்: முனை காளான் தலைபோல வெளியே உப்பியிருக்கும். ஜப்பானிய, அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் முதல் வகை, ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் இரண்டாவது. சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் எம்10×1.0 நட் உண்டு. ஆகவே மரை மிகச் சரியாகப் பொருந்தி, அடைப்பு முற்றிலும் தவறாக இருக்க முடியும்.

எது தேவை என்பதைக் குழாயைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அதை முன்பு யாராவது மாற்றியிருக்கலாம். குழாய் போய் உட்காரும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கூம்பு மேடாக எழுந்து நின்றால் இரட்டை ஃப்ளேர். அடி குழிவாகச் சரிந்திருந்தால் பபிள். இந்தக் காரில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றிலும் மேடான கூம்பு. நட்டிலும் வேறுபாடு உண்டு. பபிளுக்கான நட்டின் முனையில் மரையில்லாத சிறு பகுதி பெரும்பாலும் இருக்கும், இரட்டை ஃப்ளேர் நட்டில் மரை முனைவரை ஓடும். நட்டின் நீளமும் முக்கியம். நீளம் குறைந்தால் கூம்பை அழுத்துவதற்கு முன்பே அறுகோணத் தலை துளையின் வாயில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனரில் இறுக்கம் தெரியும், கூம்பில் அழுத்தம் இருக்காது. பழைய நட்டின் மரை நீளத்தையும் மொத்த நீளத்தையும் எழுதிவைத்தே புதியதை வாங்கினேன்.

குழாய்க்குச் செம்பு-நிக்கல் கலவை, 4.75 மி.மீ. வெளிவிட்டம். துரு ஏறாது, கையால் வளைக்கலாம். வெறும் செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகாது, அதிர்வில் இறுகி வெடித்துவிடும். நீளத்தை அறிய மெல்லிய கம்பியை எடுத்துப் பழைய குழாயின் வழியே எல்லா வளைவுகளோடும் வளைத்து, பிறகு நீட்டி அளந்தேன். இரு முனை ஃப்ளேருக்கும் சில மில்லிமீட்டர் தின்றுவிடும் என்பதால் அதையும் சேர்த்து வெட்டினேன். வெட்டியபின் உள்விளிம்புப் பிசிரை எடுத்து, முனையைச் செங்குத்தாகச் சீவி, நட்டை முதலில் கோத்து, அதன் பிறகு ஃப்ளேர். இரண்டாம் முனைக்குப் போகும் முன் நட் திசை சரியா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரட்டை ஃப்ளேரை இரண்டு கட்டமாக அடிக்கிறோம். முதல் கட்டம் முடிந்ததும் முனை பபிள் போலவே தோன்றும். அதைக் கண்டு "இதுவே பபிள்" என்று நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. உண்மையான பபிளுக்கு அதற்கென்றே டை (வடிவ அச்சு) இருக்கிறது, வடிவம் வேறு. முடிந்த ஃப்ளேரைப் பூதக்கண்ணாடியில் சுற்றிலும் பார்த்தேன். மையம் விலகியதையும், உள்முகத்தில் மயிரிழை விரிசல் தெரிந்ததையும் வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் அடித்தேன்.

மாட்டும்போது குழாயின் கிளிப்புகளை எல்லாம் தளர்த்தி, இரு முனை நட்டையும் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றினேன். அப்படி ஏறாவிட்டால் குழாய் நேராக வரவில்லை என்று பொருள், வளைவைத்தான் திருத்த வேண்டும். பிறகு ஃப்ளேர் நட் ஸ்பேனரால் 15 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சரி. கூம்போடு கூம்பு சேரும் இடத்தில் டேப், சீலன்ட் எதுவும் கூடாது. குழாய் உடைந்த இடத்தில் கம்ப்ரஷன் ஜாயின்ட் போட்டு ஒட்டவைப்பதும் கூடாது.

கியர்பாக்ஸ் கூலர்

தனிக் கூலர் ஒன்றைச் சேர்ப்பதற்காக இங்கே ஏஎன்-6-க்கு மாறினேன். ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த இணைப்பில் ஒரு பக்கம் 37 டிகிரிக் கூம்பு, மறுபக்கம் 45 டிகிரி. மரை இரண்டிலும் 7/16-20. கால் அங்குல ட்யூபுக்கு ஜேஐசி (ஹைட்ராலிக் வேலைகளுக்கான வகை), ஏஎன் வகைகளின் 37 டிகிரி ஃபிட்டிங்குக்கும் எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) தரத்தின் 45 டிகிரி ஃபிட்டிங்குக்கும் மரை ஒன்றே. அரை அங்குலத்திலும் அப்படியே. 3/8 அங்குலத்தில்தான் இயற்கையான பாதுகாப்பு இருக்கிறது: ஒன்று 9/16-18, மற்றது 5/8-18, மாற்றி மாட்டவே முடியாது. கோணம் வேறான கூம்புகள் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோடு ஒரு வடுவாகும், அவ்வளவுதான்.

கோணத்தைப் பார்க்க மூலைமட்டத்தின் உள்மூலையைக் கூம்பின் மேல் கவிழ்த்தேன். 45 டிகிரிக் கூம்பின் முழுக்கோணம் 90 என்பதால் இரு பக்கமும் ஒட்டி உட்காரும். 37 டிகிரிக் கூம்பு 74 டிகிரிதான், நுனியில் தொட்டு அடியில் ஒளி தெரியும். விலையுயர்ந்த கோணமானி தேவையே இல்லை.

ஏஎன்-6 தேடும்போது இன்னொரு பொருள் அதே பெயரோடு வந்து நிற்கும்: ஓ-ரிங் உள்ள நேர்மரை ஃபிட்டிங். அதற்கும் 9/16-18 மரைதான், ஆனால் கூம்பு கிடையாது. மரையின் அடியில் இருக்கும் ஓ-ரிங், துளை வாயில் சீவிய சரிவில் நசுங்கி அடைக்கிறது. துளையின் வாயில் அந்தச் சரிவு இல்லாவிட்டால் அது உதவாது. கூம்புள்ள ஃபிட்டிங்கை அந்தத் துளையில் ஏற்றினால் கூம்பு அழுத்துவதற்கு எதிரே ஒன்றுமே இருக்காது.

கியர்பாக்ஸ் உடலில் உள்ள துளை எம்14×1.5. 9/16 மரை 14.29 மி.மீ. என்பதால் அதில் நுழையாது. யாரும் டேப் சுற்றிச் சமாளிக்கவும் முடியாது. எம்14×1.5-இலிருந்து ஏஎன்-6-க்கு மாறும் எஃகு அடாப்டரும் செம்பு வாஷரும் வாங்கினேன். வாஷர் உட்காரும் முகத்தில் பழைய கீறல் இருந்தது. அதை எண்ணெய்க்கல்லால் சமன்செய்த பிறகே மாட்டினேன்.

ரேடியேட்டர் பக்கம் ஹோஸ் செருகும் நிப்பிள். நிப்பிளை அளக்கும்போது முனையில் உப்பியிருக்கும் வரம்பை அளந்துவிடக் கூடாது, அதற்குப் பின்னால் உள்ள நேரான குழாயை அளக்க வேண்டும். ஹோஸின் உள்விட்டத்துக்கு ட்ரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கம் நல்ல அளவுகோல். வெர்னியரின் தாடை ரப்பரை விரித்துப் பொய் சொல்லும். 8 மி.மீ. ஹோஸும் 5/16 அங்குல ஹோஸும் (7.94) நடைமுறையில் ஒன்றே. 10 மி.மீ. ஹோஸும் 3/8 அங்குலமும் (9.53) அப்படி இல்லை. அரை மில்லிமீட்டர் தளர்வைக் கிளிப் நசுக்கி மூடினால் ஹோஸ் மடிந்து ஒரு சந்து உருவாகும், சூடேறியதும் அங்கேதான் கசியும்.

பேஞ்சோ போல்ட், வாஷர், ஓ-ரிங்

ஸ்டீயரிங் பம்பில் மரை சரியாகவே இருந்தது. முன்பு போட்ட வாஷர்கள் இரண்டும் வெவ்வேறு தடிமன், ஒன்று ஏற்கெனவே நசுங்கியது. பேஞ்சோவின் இரு முகத்துக்கும் தனித்தனி வாஷர், இரண்டும் புதியவை, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து வாங்கியவை. மாட்டியதும் கசிவு நின்றது. பேஞ்சோ போல்ட்டை மாற்றுபவர்கள் இடைவெளியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் பிரேக் காலிப்பரில் எம்10×1.25 வழக்கம், இத்தாலிய பிரெம்போ நிறுவனத்தின் காலிப்பரில் எம்10×1.0. அலுமினியத் துளை தவறான போல்ட்டை ஒரு சுற்று, இரண்டு சுற்று மன்னிக்கும், பிறகு மரையை இழக்கும்.

ஓ-ரிங்கில் பழைய வளையத்தை அளந்து வாங்குவது சரிவராது. ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடந்து சதுரமாகியிருக்கும். பள்ளத்தின் அகலம், ஆழம், விட்டம் ஆகியவற்றை அளந்து அதற்கு ஏற்றதைத் தேடினேன். அமெரிக்க அளவு வரிசையில் 1.78 மி.மீ. தடிமன், ஜப்பானிய பி-வரிசையின் சிறிய அளவுகளில் 1.9 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நசுங்கலுக்குக் கிடைக்கும் மிச்சம் சிறிதாக இருக்கும் இடத்தில் இந்த 0.12 மி.மீ. கசிவுக்கும் கசிவின்மைக்கும் இடைப்பட்ட தூரம்.

தாளின் நான்காவது கட்டம் இங்கே உதவியது. பிரேக் ஆயில் (டாட் 3, 4, 5.1) கிளைகால் வகை. அதற்கு ஈபிடிஎம் ரப்பர். அதே ஈபிடிஎம்மை எஞ்சின் ஆயிலிலோ ஸ்டீயரிங் ஆயிலிலோ போட்டால் ஊதிக் குழைந்துவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல், அதிக வெப்பத்துக்கும் எரிபொருளுக்கும் விட்டான் என்று வழங்கும் எஃப்கேஎம். நைட்ரைலைப் பிரேக்கில் போடவே கூடாது. கறுப்பு வளையங்களைப் பார்வையால் பிரிக்க முடியாது என்பதால் கலந்து கிடக்கும் டப்பாவிலிருந்து எடுப்பதில்லை. பொருள் பெயர் அச்சிட்ட உறையில் வருவதை மட்டும் வாங்குகிறேன்.

எரிபொருள் ஹோஸுக்கு எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டதை எடுத்தேன். 30ஆர்7 கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கானது, இன்ஜெக்ஷனுக்குப் போதாது. இரண்டுமே டேங்குக்குள் மூழ்கியிருக்க ஏற்றவை அல்ல, அதற்கு 30ஆர்10 தனியாக இருக்கிறது. பட்டையில் வெட்டுப்பல் இல்லாத, ஓரம் உருட்டிய கிளிப்புகள். அமுக்கிச் செருகும் இணைப்பு ஒன்றும் இருந்தது. அதன் ஆண்முனை 7.89 மி.மீ., அதாவது 5/16 அங்குல வகை. 9.49 மி.மீ. என்று வந்தால் 3/8 வகை. செருகியதும் சொடுக்குச் சத்தம் கேட்டாலும் பின்னால் இழுத்துப் பார்த்தே நகர்ந்தேன்.

வாங்கிய விதம்

"பிரேக் நட் வேண்டும்" என்று கேட்டால் அலமாரியில் முதலில் கைக்குக் கிடைப்பது வரும். நான் எழுதிக் கொடுத்தது இப்படி: "வெளிமரை எம்10×1.0, 4.75 மி.மீ. ட்யூப், இரட்டை ஃப்ளேர், முனைவரை மரை, எஃகு, மரை நீளம் இவ்வளவு." பழைய நட்டின் அருகே வெர்னியரை வைத்து எடுத்த படத்தையும் சேர்த்தேன். இணையத்தில் வாங்கும்போது மரையும் கூம்பின் கோணமும் இரண்டும் குறிப்பிடாத பொருளை ஒதுக்கிவிட்டேன். "எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்" என்ற வரி கண்ணில் பட்டாலும் ஒதுக்கினேன்.

வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்காத பல ஃபிட்டிங்குகள் ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் கிடைக்கும். அவர்களிடம் உள்ள ஜேஐசி ஃபிட்டிங் ஏஎன்னோடு கோணத்திலும் மரையிலும் பொருந்துகிறது. ஏஎன்னின் மரை வகுப்பு இன்னும் நெருக்கமானது என்பதுதான் வேறுபாடு. எஃகில் வருவதால் கொஞ்சம் எடை கூடும், ஆனால் அலுமினியத்தைப் போல மரை எளிதில் உரியாது. ஹோஸுக்கு முனை அழுத்தித் தருபவர்களும் அவர்களே. பிரேக் ஹோஸை மட்டும் அங்கே கொடுக்கவில்லை, வண்டிக்கென்று சான்று பெற்றதையே வாங்கினேன்.

அடாப்டரின் மேல் அடாப்டர் என்று கோத்துக்கொண்டு போவதையும் தவிர்த்தேன். ஒவ்வோர் அடாப்டரும் கூடுதலாக ஒரு கசிவு வாய்ப்பு. ஒரே துண்டில் இரு முனையும் கிடைக்கும் என்றால் காத்திருந்து அதை வாங்குவது மேல்.

சோதனை

பிரேக்கில் காற்றை முழுவதும் எடுத்த பின், நண்பர் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த மெல்லிய தாளால் சுற்றித் தொட்டுப் பார்த்தேன். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும் என்பதால் சிந்திய இடங்களை முன்பே தண்ணீரால் கழுவித் துடைத்திருந்தேன். இல்லாவிட்டால் பழைய ஈரமே புதுக் கசிவாகக் காட்டும். மிதி மெல்ல இறங்குகிறதா என்பதையும் பார்த்தோம், இறங்கவில்லை. அடுத்து எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி, கியரை எல்லா நிலையிலும் மாற்றி, நிறுத்தி, மீண்டும் தாள். சூடாக இருக்கும்போது வறண்டு, ஆறியபின் ஈரமாகும் இணைப்புகள் உண்டு என்பதால் மறுநாள் காலையும் பார்த்தேன்.

கூலரின் ஒரு ஏஎன் முனையில் மட்டும் தாள் ஈரமானது. கழற்றியபோது கூம்பின் மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு நூலிழைச் சீவல் சிக்கியிருந்தது. துடைத்து, கூம்பில் ஒரு துளி கியர் ஆயில் தடவி மீண்டும் இறுக்கியதும் உலர்ந்தது. இனி மிச்சம் இருப்பது ஸ்டீயரிங்கின் திரும்பு ஹோஸ். அதன் நிப்பிள் 9.5-ஆ, 10-ஆ என்று அளந்து தாளில் எழுதிவிட்டேன், 9.5. ஹோஸ் வந்ததும் மாட்ட வேண்டும்.